வயல் நடுவே ஒற்றைக் குன்று: கிளாஸ்டன்பரி டோர் அங்கே எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: "தென்மேற்கு இங்கிலாந்தில் காரில் போனபோது, பலகை மாதிரித் தட்டையான மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே ஒரே ஒரு பச்சைக் குன்றைப் பார்த்தேன். உச்சியில் தனியாக ஒரு கோபுரம். சரிவு முழுக்கப் படிக்கட்டு போல வரிகள். பக்கத்தில் அந்த மாதிரி வேறு குன்றே இல்லை. மனிதர்கள் மண்ணைக் கொட்டி எழுப்பியதா? அந்த வரிகள் என்ன? கோபுரம் இருக்கிறது, கோயில் எங்கே போயிற்று?"

நீங்கள் பார்த்தது கிளாஸ்டன்பரி டோர். சாமர்செட் மாவட்டத்தில், கிளாஸ்டன்பரி என்ற சிறு நகரத்தின் ஓரத்தில் நிற்கிறது. உயரம் கடல் மட்டத்திலிருந்து 158 மீட்டர். எண்ணாகப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. நம் பக்கத்தில் கரடு என்றோ பொத்தை என்றோ சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிற அளவுதான். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் சாமர்செட் லெவல்ஸ் என்ற தாழ்நிலம் கடல் மட்டத்துக்கு ஒரு சில மீட்டரே மேலே இருக்கிறது. அதனால் இருக்கும் உயரம் கிட்டத்தட்ட முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது. முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்துகூடக் கோபுரத்தோடு அடையாளம் காணலாம்.

முதல் கேள்விக்குப் பதில்: இல்லை, யாரும் கட்டவில்லை. ஆனால் சந்தேகம் நியாயமானதுதான். இங்கிலாந்தில் நிஜமாகவே மனிதர் கட்டிய குன்று ஒன்று உண்டு. வில்ட்ஷயரில் உள்ள சில்பரி ஹில், ஏறத்தாழ 40 மீட்டர் உயரம், கி.மு. 2400 வாக்கில் மண்ணையும் சுண்ணப் பாறையையும் கூடை கூடையாகக் கொட்டி எழுப்பியது. எதற்காக என்பது இன்றுவரை புதிர். உள்ளே ஏதாவது சமாதி இருக்கும் என்று துளைத்துப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. பழங்காலத்து மக்கள் தனிக்குன்றைப் பார்த்தபோதெல்லாம் யாரோ கொட்டியது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். ஷ்ராப்ஷயரில் ரீக்கின் என்று ஒரு தனி மலை, 407 மீட்டர். ஷ்ரூஸ்பரி ஊர் மேல் கோபம் கொண்ட வேல்ஸ் நாட்டு அரக்கன் ஒருவன், செவர்ன் ஆற்றை அடைத்து ஊரை மூழ்கடிக்க ஒரு மண்வெட்டி மண்ணோடு வந்தானாம். வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம், ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவர் தோளில் பழுதுபார்க்க வாங்கிய பழஞ்செருப்பு மூட்டை. அதைக் கொட்டிக் காட்டி, "அங்கிருந்து வருவதற்குள் இத்தனையும் தேய்ந்துவிட்டது" என்றாராம். சலித்துப்போன அரக்கன் மண்ணை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினான். அதுதான் மலை. நிலவியல்காரர்கள் அதைப் பல கோடி ஆண்டுப் பழமையான எரிமலைப் பாறை என்கிறார்கள். எனக்கு இரண்டு கதையும் பிடிக்கும்.

சரி, டோருக்கு வருவோம். அது ஒரு எச்சக் குன்று. அதாவது குன்று தரையிலிருந்து மேலே வளரவில்லை. அதைச் சுற்றியிருந்த நிலம் கரைந்து போய்விட்டது, இது மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஒரு காலத்தில் இன்றைய உச்சி இருக்கும் உயரத்தில் சுற்றிலும் நிலம் இருந்தது. மனசுக்குள் அந்த நிலத்தை நிரப்பிப் பாருங்கள், குன்று காணாமல் போய்விடும்.

அடுக்குகளைக் கீழிருந்து மேலாகச் சொன்னால் புரியும். ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இந்த இடம் ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடல். அதன் அடியில் சேறும் சுண்ணாம்பும் மாறி மாறிப் படிந்தன. அந்தப் படிவத்துக்குப் புளூ லையாஸ் என்று பெயர். சாம்பல் கலந்த நீல நிறத்தில், பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் கல். அந்தப் பக்கத்து ஊர்களில் பழைய வீட்டுச் சுவர்களில் இதைத்தான் பார்ப்பீர்கள். கிளாஸ்டன்பரிக்குப் பக்கத்திலேயே உள்ள ஸ்ட்ரீட் என்ற ஊரில் இந்தக் கல்லை வெட்டும்போது இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகள் நிறையக் கிடைத்தன. அதற்கு மேலே களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லுமாக இன்னும் சில அடுக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே, தொப்பி வைத்தது போல, மணற்கல்.

வெறும் மணற்கல் என்றால் அதுவும் மற்றவற்றோடு போயிருக்கும். அது நின்றதற்குக் காரணம் தண்ணீர் என்பதுதான் இந்தக் குன்றில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். நிலத்தடியில் ஓடும் நீரில் ஆக்சிஜன் குறைவு. அப்போது அதில் இரும்பு கரைந்தே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அந்த நீர் மேலே வந்து காற்றைத் தொட்டவுடன் இரும்பு துருவாகப் பிரிந்து வெளியே விழுகிறது. நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாளியில் வெளுப்பாக இறங்கி, மறுநாள் காலையில் அடியில் செம்மண் போலப் படிந்திருக்குமே, அதே வேலைதான். அந்தத் துரு மணலுக்குள் புகுந்து மணலோடு மணலை ஒட்டிவிடுகிறது. இப்படி இறுகிய பகுதி மழைக்கும் ஆற்றுக்கும் சுலபத்தில் கரையவில்லை. இறுகாத பகுதியும் அதன் அடியிலிருந்த களிமண்ணும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் அடித்துக்கொண்டு போயின. ஆக, சுற்றியிருந்ததைக் கரைத்ததும் தண்ணீர், நடுவில் நின்றதைக் கெட்டியாக்கியதும் தண்ணீர். சரிவில் ஆங்காங்கே உருண்டையாக, ரொம்பக் கடினமான கற்கள் கிடக்கும். அந்த ஊர்க்காரர்கள் டோர் பர் என்பார்கள். இறுகிய மணலின் துண்டுகள் அவை.

அந்த இரும்பு ஊற்று இன்றும் ஓடுகிறது. குன்றின் அடிவாரத்தில் சாலிஸ் வெல் என்ற ஊற்று. ஒரு நாளைக்கு 25,000 கேலன், அதாவது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது என்பார்கள். ஆண்டு முழுக்க ஒரே குளிர்ச்சி, சுமார் 11 டிகிரி. நீர் ஓடும் கல்லெல்லாம் செங்காவி பூசியது போல இருக்கும். குடித்தால் நாக்கில் ஆணியைத் தொட்ட சுவை. இயேசு கடைசி விருந்தில் பயன்படுத்திய கிண்ணத்தை இங்கே புதைத்தார்கள், அதனால்தான் நீர் சிவப்பு என்று ஒரு ஐதீகம். இதில் வேடிக்கை என்னவென்றால், சாலையைக் கடந்து பத்து இருபது அடி நடந்தால் இன்னொரு ஊற்று இருக்கிறது, அதன் பெயர் ஒயிட் ஸ்பிரிங். அதில் இரும்பு இல்லை, சுண்ணாம்பு. 1872இல் அதற்கு மேல் ஒரு நீர்த்தேக்கக் கட்டடம் எழுப்பி ஊருக்குக் குழாயில் விடப் பார்த்தார்கள்; சுண்ணாம்பு படிந்து குழாய் அடைத்துக்கொண்டது. ஒரே குன்றின் அடியில், சிவப்பு வெள்ளை என்று இரண்டு தண்ணீர். ஐதீகங்கள் முளைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

குன்று தனியாகத் தெரிவதற்கு இன்னொரு காரணம், கீழே இருக்கும் நிலம் இவ்வளவு தட்டையாக இருப்பது. அதுவும் தண்ணீர் செய்த வேலையே. கடைசிப் பனியுகம் முடிந்து பனி உருகியபோது கடல் மட்டம் ஏறி, மேற்கே பிரிஸ்டல் சேனல் என்ற கடல்நீட்சிப் பக்கமிருந்து கடல் உள்ளே புகுந்து இந்தப் பள்ளத்தாக்கை நிரப்பியது. பின்னால் சேறு படிந்து கடல் விலகியதும் நாணலும் பாசியும் வளர்ந்தன. செத்த செடிகள் தண்ணீருக்குள் மக்காமலே அடுக்கு அடுக்காகச் சேர்ந்து கரிமண் ஆயின. ஒரு தட்டில் கஞ்சியை ஊற்றினால் மேற்பரப்பு எப்படிச் சமமாகும், அப்படி நிலம் சமமாயிற்று. அதற்குள் அமிழாமல் தலை நீட்டிக்கொண்டிருந்தவை இந்தக் குன்றுகள் மட்டுமே. டோரும் கிளாஸ்டன்பரி ஊரும் முழுத் தீவு அல்ல, கிழக்கே ஒரு ஒடுங்கிய மேட்டால் நிலத்தோடு சேர்ந்திருக்கும். மற்ற மூன்று பக்கமும் சதுப்பு, குளிர்காலத்தில் ஏரி.

அந்தச் சதுப்பில் மனிதர்கள் எவ்வளவு காலமாக நடமாடினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1970இல் கரிமண் வெட்டிக்கொண்டிருந்த ரே ஸ்வீட் என்பவர் மண்ணுக்குள் ஒரு பலகையைக் கண்டார். தோண்டத் தோண்டப் பலகைகள் வரிசையாக நீண்டன. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சதுப்பின் மேலே போட்ட மர நடைபாதை அது. கழிகளைப் பெருக்கல் குறி போலக் குத்தி நிறுத்தி, மேலே ஒற்றைப் பலகை, ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அகலம். மர வளையங்களை எண்ணி, கி.மு. 3807 வாக்கின் குளிர்காலத்தில் வெட்டிய மரங்கள் என்று துல்லியமாகச் சொல்லிவிட்டார்கள். கண்டுபிடித்தவர் பெயரிலேயே அது ஸ்வீட் டிராக் ஆனது. பாதை ஓரத்தில் பச்சைக் கல்லில் இழைத்த கோடரி ஒன்று கிடந்தது. அந்தக் கல் ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்தது! காற்றுப் புகாத கரிமண் மட்டும் இல்லையென்றால் அந்தப் பலகையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பிறகு, கி.மு. 250 வாக்கில், குன்றுக்கு வடமேற்கே சதுப்புக்குள் மரமும் புதரும் களிமண்ணும் போட்டு நிரப்பி, அதன் மேல் ஒரு கிராமமே கட்டி இருநூறு ஆண்டு வாழ்ந்திருக்கிறார்கள். 1892இல் ஆர்தர் புல்லைட் அதைக் கண்டுபிடித்தார். அவர்கள் பொழுது விடிந்து வாசலில் நின்றால் கண்ணில் படுவது டோர்தான்.

இனி அந்த வரிகள். குன்றைச் சுற்றி ஏழு படிகள் எண்ணலாம். இதைப் பற்றி மூன்று கட்சி உண்டு. ஒன்று, அவை இயற்கையானவை: கடினமான அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறி மாறி இருந்தால் சரிவு படிப்படியாகத்தான் தேயும். இரண்டாவது, இடைக்காலத்து உழவர்கள் சரிவில் வெட்டிய படிவயல்கள். மூன்றாவது, 1960களில் ஜெஃப்ரி ரஸ்ஸல் என்பவர் சொன்னது: அவை ஒரு புனிதச் சுழல்பாதை, புதிர்வழி போலக் குன்றை ஏழு முறை சுற்றி உச்சிக்குப் போகும் ஊர்வலப் பாதை. இன்றும் பலர் அப்படி நடந்து ஏறுகிறார்கள். சில மணி நேரம் பிடிக்கும். நடக்கட்டும், உடம்புக்கு நல்லது. ஆனால் புதிர்வழிக்கு மண்ணில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. படிவயல் கட்சிக்கு எதிராக ஒரு வாதம் சொல்வார்கள்: வெயிலே சரியாகப் படாத வடக்குச் சரிவிலும் படிகள் இருக்கின்றனவே, அங்கே எவன் பயிர் வைப்பான் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. என் கணக்கு இப்படி: இயற்கை போட்ட படிகளை உழவர்கள் அகலப்படுத்திக்கொண்டார்கள், அப்புறம் மாடும் ஆடும் நூற்றாண்டுக் கணக்கில் அந்த விளிம்புகளிலேயே நடந்து கூர்மையாக்கின. கீழே பாதி வருஷம் தண்ணீர் நிற்கும் ஊரில், நனையாத நிலம் எங்கே கிடைத்தாலும் விடமாட்டார்கள், வடக்குச் சரிவானாலும் சரி. இதே மாதிரிப் படிகள் சாமர்செட்டில் வேறு சரிவுகளிலும் உண்டு. அவற்றைச் சுற்றி யாரும் ஊர்வலம் போவதில்லை.

உச்சியில் என்ன இருந்தது என்று 1964 முதல் 1966 வரை ஃபிலிப் ராட்ஸ் என்ற தொல்லியலாளர் தோண்டிப் பார்த்தார். ரோமானியர் போன பிறகான ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டில் அங்கே ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அடுப்புகள், உலோகம் உருக்கிய தடயம், மத்தியதரைக்கடல் பக்கமிருந்து மதுவோ எண்ணெயோ வந்த சாடிகளின் ஓடுகள், கூடவே ஏகப்பட்ட மாட்டு, ஆட்டு எலும்பு. சிற்றரசன் ஒருவனின் காவல் இடமா, துறவிகளின் குடிலா என்ற விவாதம் அப்போது தொடங்கியது. இவ்வளவு இறைச்சி தின்றவர்கள் துறவிகளாக இருப்பார்களா என்பது ஒரு பக்கம். இவ்வளவு காற்றடிக்கிற, ஊற்றில்லாத உச்சியில் துறவியைத் தவிர யார் இருப்பார்கள் என்பது இன்னொரு பக்கம். அதற்குப் பிந்தைய சாக்சன் காலத்தில் துறவிகள் இருந்தது பற்றிச் சந்தேகமில்லை. பாறையில் வெட்டிய சிறு அறைகளின் அடித்தளம் கிடைத்திருக்கிறது.

கோயில் கதை நீங்கள் கேட்ட மூன்றாவது. உச்சியில் இருந்தது அதிதூதர் மிக்கேல் ஆலயம். கீழே ஊருக்குள் இருந்த கிளாஸ்டன்பரி மடம் இங்கிலாந்தின் மிகப் பணக்கார மடங்களில் ஒன்று. குன்றும் அதன் சொத்து. 1243இல் மூன்றாம் ஹென்றி மன்னர் இங்கே ஆறு நாள் சந்தை நடத்த அனுமதி கொடுத்திருக்கிறார் என்றால், எவ்வளவு கூட்டம் வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். முப்பத்திரண்டு ஆண்டு கழித்து, 1275 செப்டம்பர் 11 அன்று, நிலநடுக்கத்தில் அந்த ஆலயம் இடிந்து விழுந்தது. இங்கிலாந்தில் நிலநடுக்கமா என்று கேட்காதீர்கள், அவ்வப்போது உண்டு. மணலும் களிமண்ணுமான குன்றின் தலையில் கனத்த கல் கட்டடத்தை வைத்தால் சின்ன ஆட்டமே போதும். 1960களில் தோண்டியபோது பாறையிலேயே விரிசல்கள் தெரிந்தன, நிலம் முன்பு நகர்ந்திருக்கிறது என்று. ஆனாலும் துறவிகள் விடவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் மடாதிபதி ஆடம் ஆஃப் சாட்பரி காலத்தில் மறுபடி கட்டினார்கள். இன்று நிற்கும் மூன்றடுக்குக் கோபுரம் அந்த இரண்டாவது ஆலயத்தினுடையது.

அதை முடித்து வைத்தது நிலநடுக்கம் அல்ல, எட்டாம் ஹென்றி. ரோமத் திருச்சபையோடு உறவை முறித்துக்கொண்ட பிறகு அவர் நாட்டில் உள்ள மடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைத்துச் சொத்தை எடுத்துக்கொண்டார். 1539 வாக்கில் சாமர்செட்டில் மிஞ்சியிருந்தது கிளாஸ்டன்பரி மட்டுமே. மடாதிபதி ரிச்சர்ட் வைட்டிங் அப்போது எண்பதை நெருங்கிய கிழவர். பணிந்து போகவில்லை. மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் எழுதி வைத்த வேலைக் குறிப்புகள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் ஒரு வரி, கிளாஸ்டன்பரி மடாதிபதியைக் கிளாஸ்டன்பரியிலேயே விசாரித்து அங்கேயே மரண தண்டனையும் நிறைவேற்றுவது என்று போகிறது. விசாரணை நடக்கும் முன்பே எழுதியது! சந்தைக்குப் போகிறவர் சீட்டில் எழுதிக்கொள்வது போல. 1539 நவம்பர் 15 அன்று, வைட்டிங்கையும் இரண்டு துறவிகளையும் டோரின் உச்சியில் தூக்கிலிட்டார்கள். உடலை நான்காக வெட்டி வெல்ஸ், பாத், இல்செஸ்டர், பிரிட்ஜ்வாட்டர் ஊர்களுக்கு அனுப்பினார்கள். தலையை மடத்தின் வாசலில் குத்தி வைத்தார்கள். கீழே ஊருக்குள் இவ்வளவு இடம் இருக்க, எண்பது வயதுக்காரரைக் குன்றின் மேல் கொண்டுபோனதற்கு நான் காணும் காரணம் ஒன்றுதான்: முப்பது கிலோமீட்டருக்கு எல்லாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் ஆலயத்துக் கற்கள் போக வேண்டிய இடத்துக்குப் போயின, யாராவது வீட்டுச் சுவருக்கு. கோபுரம் மட்டும் நின்றது. அதிலும் வடகிழக்கு மூலை பின்னால் மறுபடி கட்டியதுதான். 1786இல் குன்றை வாங்கிய ரிச்சர்ட் கோல்ட் ஹோர் என்ற நிலக்கிழார் 1804இல் செய்த பழுது வேலை அது. 1933 முதல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. கூரை கிடையாது. உள்ளே நின்று அண்ணாந்தால் சதுரமாக வானம். மேற்கு வாசல் பக்கத்தில் இரண்டு புடைப்புச் சிற்பங்கள் தேய்ந்த நிலையில் உண்டு: ஒன்றில் புனித பிரிஜிட் பசு மாட்டில் பால் கறக்கிறார், இன்னொன்றில் அதிதூதர் மிக்கேல் தராசில் ஓர் ஆன்மாவை நிறுக்கிறார். பலரும் கவனிக்காமலே உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

பழங்கதைகளில் வரும் ஆர்தர் மன்னரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கிளாஸ்டன்பரிக்காரர்கள் கோபிப்பார்கள். காயம்பட்ட ஆர்தரைக் கொண்டுபோன அவலோன் தீவு இதுதான் என்கிறார்கள். மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்து, மூடுபனியில் மிதப்பது போலத் தெரியும் குன்று. அந்தப் பட்டம் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் வரலாற்றைப் பார்த்தால், 1184இல் மடம் தீயில் எரிந்து போனது. மறுபடி கட்டப் பணம் வேண்டும், யாத்திரிகர் வர வேண்டும். 1191இல், ஆர்தர், அவர் ராணி குவினிவியர் இருவரின் கல்லறையும் மடத்து மயானத்தில் கண்டெடுக்கப்பட்டதாகத் துறவிகள் அறிவித்தார்கள். நேரம் எவ்வளவு கச்சிதமாக அமைந்தது பாருங்கள். ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மடத்தில் நடந்த பழைய அகழாய்வுப் பதிவுகளை எல்லாம் திரும்பப் பார்த்து, ஆர்தருக்கு ஆதாரம் இல்லை என்று 2015இல் சொல்லிவிட்டார்கள். ஊரில் ஆர்தர் கடைகளுக்குக் குறைவில்லை.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஒரு வேல்ஸ் நாட்டுக் கதை. குன்றின் அடிவாரத்தில் கொல்லன் என்ற துறவி வாழ்ந்தார். (பெயர்தான் அப்படி, பட்டறை வைத்திருந்தவர் இல்லை.) குன்றுக்குள் குவின் அப் நீத் என்ற மாய உலக ராஜா அரண்மனை கட்டியிருக்கிறான் என்று வழிப்போக்கர் பேச, அவை பேய்கள் என்று துறவி திட்டினார். ராஜாவிடமிருந்து அழைப்பு வந்தது. இரண்டு தரம் மறுத்துவிட்டு, மூன்றாம் தரம் அங்கிக்குள் தீர்த்தக் குப்பியை மறைத்துக்கொண்டு மேலே போனார். உச்சியில் அரண்மனை, வாத்தியம், சிவப்பும் நீலமுமாக உடுத்திய ஆட்கள், விருந்து. ராஜா சாப்பிடச் சொன்னான். நான் இலை தழை தின்பதில்லை என்றார் துறவி. அந்த விருந்து அவர் கண்ணுக்கு அப்படித் தெரிந்தது. உடை எப்படி என்று கேட்டான். சிவப்பு நரகத்து நெருப்பு, நீலம் நரகத்துக் குளிர் என்றார். தீர்த்தத்தை எடுத்துச் சுற்றிலும் தெளித்தார். அரண்மனை, ஆட்கள், இசை எல்லாம் மறைந்து, பச்சைப் புல் மேடு மட்டும் கிடந்தது.

நீங்கள் "வேறு குன்றே இல்லை" என்றீர்கள், அதில் சிறு திருத்தம். தாழ்நிலத்தில் இதற்குத் தூரத்துப் பங்காளிகள் உண்டு. கடலை நோக்கிப் போனால் பிரென்ட் நோல், 137 மீட்டர், உச்சியில் இரும்புக் காலக் கோட்டை. தென்மேற்கே பரெட் ஆற்றங்கரையில் பரோ மம்ப், வெறும் 24 மீட்டர். இந்தப் பெயரில் இரண்டு சொல்லுக்கும் மேடு என்றே பொருள், ஆக "மேட்டு மேடு". அதன் உச்சியிலும் மிக்கேல் ஆலயம்தான், அதுவும் பாழ். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் புதுப்பிக்கத் தொடங்கி முடிக்க முடியாமல் விட்டது. 1946இல் அதன் உரிமையாளர், இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சாமர்செட் மக்களின் நினைவாகக் குன்றையே நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுத்துவிட்டார். இந்த மிக்கேல் ஆலயங்களை நேர்கோட்டில் இணைத்து, பூமிக்குள் ஏதோ சக்தி ஓடுகிறது என்று ஒரு கூட்டம் சொல்லும். மேடு கண்ட இடத்திலெல்லாம் மிக்கேலுக்குக் கோயில் கட்டினால் கோடு எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

டோர் என்ற சொல்லும் கொஞ்சம் ஏமாற்றும். டெவன் மாவட்டத்து டார்ட்மூரில் டோர் என்றால் கிரானைட் பாறைக் குவியல். இங்கே கிரானைட் பொடிகூடக் கிடையாது. பாறைக்குன்று, மேடு என்ற பொருளில் வழங்கிய பழைய கெல்டிக் சொல் இங்கும் ஒட்டிக்கொண்டது, அவ்வளவே.

தண்ணீர் சூழ்ந்திருந்த பழைய நாளில் இந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டால் 2013-14 குளிர்காலப் படங்களைத் தேடுங்கள். வாரக்கணக்கில் மழை பெய்து லெவல்ஸ் மறுபடி ஏரியானது. மச்செல்னி என்ற கிராமம் துண்டிக்கப்பட்டு, மக்கள் படகில் போய்ச் சாமான் வாங்கினார்கள். பரோ மம்ப் சுற்றிலும் பழுப்புத் தண்ணீரோடு நிஜத் தீவாக நின்றது. மடத்துத் துறவிகள் காலத்திலிருந்து வாய்க்கால் வெட்டி, ஆற்றைத் திருப்பி, கதவு வைத்து வடித்துக்கொண்டே இருப்பதால்தான் அங்கே மாடு மேய்கிறது. அந்த வாய்க்கால்களை ரீன் என்பார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் வேலிக்குப் பதிலாக வயல்களுக்கிடையே வெள்ளிக் கோடு கோடாகத் தெரிபவை அவைதான்.

அடுத்த முறை கடந்து போகாமல் ஏறிப் பாருங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் திறந்திருக்கும். ஊருக்குள் காரை நிறுத்திவிட்டு நடப்பது நல்லது, குன்றடியில் நிறுத்த இடம் கிடைக்காது. ரயிலில் வந்தால் காசில் கேரி நிலையம், அங்கிருந்து சாலை வழி. பிரிஸ்டல், வெல்ஸ் பக்கமிருந்து பேருந்தும் உண்டு. கிளாஸ்டன்பரி இசை விழா நடக்கும் பண்ணை இங்கே இல்லை, கிழக்கே பத்து கிலோமீட்டர் தள்ளி பில்டன் கிராமத்தில்; ஜூன் கடைசியில் வந்து மாட்டிக்கொள்ளாதீர்கள். ஏற இரண்டு பக்கம் வழி: ஊர்ப் பக்கமிருந்து வருவது நீளம், சாய்வு குறைவு, எதிர்ப் பக்கம் குட்டை, மூச்சு வாங்கும். கான்கிரீட் பாதையை விட்டு இறங்காமல் நடந்தால் நல்லது, கால் பட்டுப் பட்டே சரிவு அரித்துப் போகிறது. கீழே வெயில் அடித்தாலும் ஒரு மேல்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று கோபுர வாசலில் புகுந்து ஊளையிடும். இலையுதிர்காலத்தில் விடிவதற்கு முன் ஏறினால், தாழ்நிலம் முழுக்கப் பனிமூட்டம் படுத்திருக்க, குன்று மட்டும் வெளியே நிற்கும் காட்சி கிடைக்கலாம். டார்ச் மறக்க வேண்டாம், பாதையில் விளக்கு கிடையாது.